தலையை நேரா வைங்க

மத்தியானம் மூன்று மணி. ஆமாம், பட்டப்பகல்தான்... பேய்க்கு ராத்திரி ஷிப்ட் மட்டும்தான் என்று யார் சொன்னது? என் நண்பனுடைய அத்தான் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவன். வேலை முடிந்து பைக்கில் வந்துகொண்டிருந்தான். கல்குவாரிச் சாலை. ஈ காக்கை இல்லை.

முதுகுக்குப் பின்னால் ஒரு பெண் குரல்.

"அண்ணே..."

பைக்கை நிறுத்தித் திரும்பிப் பார்த்தான். யாருமில்லை. தலையை மறுபடி முன்னால் திருப்பினான்... வரவில்லை. தாடை இடது தோளுக்கு மேல் அப்படியே நின்றுவிட்டது. வலியில் கண்ணீர் கொட்டியது. அதைவிடப் பயம். இந்தக் கோணல் கழுத்தை அவன் ஏற்கெனவே பார்த்திருக்கிறான்.

ஒரு மாதத்துக்கு முன்பு. இதே நேரம், ஷிப்ட் முடிகிற நேரம். ஸ்கூட்டரிலிருந்து விழுந்த ஒருத்தி தன் காலாலேயே நடந்து வந்தாள். தலை ஒரு பக்கமாய்ச் சாய்ந்து திரும்பியிருந்தது.

"இங்க பிடிச்சிக்கிச்சுண்ணே," என்று இடது சுண்டுவிரலால் கழுத்தைக் காட்டினாள். அந்த விரலில் பாதிதான் இருந்தது.

எடுத்த படத்தை டாக்டர் திருப்பி அனுப்பினார். கோணல், நேராக வைத்து எடு. அடுத்த படமும் திரும்பி வந்தது. படம் கோணலில்லை, எலும்பே கோணல் என்பது இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை. அவனுக்கு வீட்டுக்குப் போகிற அவசரம்.

"ஒரே செகண்ட்மா. தலைய நேரா வைங்க."

இரண்டு கையாலும் தாடையைப் பிடித்துத் திருப்பினான். டக்... பேனா மூடியைக் கழற்றுகிற சத்தம், அவ்வளவுதான். திரைக்குப் பின்னால் ஆயா பொத்தானை அமுக்கினாள். படம் நூல் பிடித்த மாதிரி நேராக வந்தது. அவளுக்குத்தான் மூச்சு வரவில்லை.

தாடையோரம் தன் விரலெலும்புகள் தெரிந்ததால் அந்தப் படத்தை எரித்தான். 'விழுந்த அடி' என்று எழுதிக் காரியத்தை முடித்தார்கள். அன்றைக்கு நன்றாகத் தூங்கவும் செய்தான், பாவி.

இப்போது அவன் முறை. பெரிய ஆஸ்பத்திரி. ஸ்கேன் பார்த்த எலும்பு டாக்டர் அவன் மனைவியிடம் சொன்னார்: "கழுத்துல முதல் எலும்பு ரெண்டாவது மேல திரும்பிப் பூட்டிக்கிச்சு. பெரியவங்களுக்கு இது ரொம்ப அபூர்வம். வெயிட் கட்டி மெல்ல மெல்லத்தான் இழுக்கணும். யாராவது கையால திருப்பினா மூச்சே நின்னுடும்."

தலையில் பட்டை, தலைமாட்டில் கப்பி, கயிற்றில் தொங்கும் எடை. மனைவியின் கையை அவன் விடவேயில்லை.

"எங்கயும் போயிடாத. யாரையும் தொட விடாத."

அவள் போகவில்லை. மூன்றாம் நாள், மூன்று மணிக்கு, நாற்காலியிலேயே லேசாகக் கண்ணசந்தாள்.

ஃபிலிம் கழுவும் மருந்தின் புளித்த நெடி... இந்த ஆஸ்பத்திரியில் ஃபிலிம் கழுவி பத்து வருஷமாகிறது. தாடைக்கடியில் ஏதோ ஜில்லென்று பட்டது. கத்த வாய் திறக்கவில்லை. காதோரம், மெதுவாக, மரியாதையாக...

"ஒரே செகண்ட்ண்ணே."

டக்.

மனைவி விழித்தாள். எடை ஆடாமல் தொங்கியது. தலை நேராக இருந்தது. கண் இமைத்தது. மற்றதெல்லாம், மூச்சு உட்பட, அன்றிலிருந்து மெஷின்தான். சாகவிடவில்லை, பார்த்தீர்களா?

உடனே கட்டிலருகிலேயே எக்ஸ்ரே எடுத்தார்கள். எடுக்கும்போது பக்கத்தில் யாரும் நிற்கவில்லை. படம் அத்தனை நேர். ஆனால் தாடையின் இரு பக்கமும் விரலெலும்புகள், வரிசையாக. மனைவி எண்ணிப் பார்த்தாள்.

ஒன்பதரை.