பெருவிரல்

இந்த லாக்கெட்ட உருக்கவெல்லாம் வேண்டாம் பத்தரே, தேச்சா மதி, அது போதும். அரம் வச்சுத் தேச்சு எடுத்துட்டு, தடம் தெரியாம மினுக்கிக் குடுத்துருங்க. ஆறு மணிக்கு மகன் ஆபீஸ் விட்டு வருவான். அதுக்குள்ள நா கரமனையில எறங்கணும். கோயிலுக்குன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். சாலைக் கடைத்தெருவுல தட்டாசாரி முன்னால இருக்கேன்னு அறிஞ்சா சங்கடப்படுவான்.

சாயா வேண்டாம். நெசமாட்டு வேண்டாம். உங்க சாயான்னு இல்ல, அடுத்தவங்க கை பட்டது எதுவும் எனக்கு எறங்காது. ஒரு ரோகம்னு வச்சுக்கிடுங்க. சரி, வரவழைச்சுட்டியள்லா, அங்ஙன ஓரமா இருக்கட்டு.

ஆமா, விரல்ரேகைதான். பெருவிரல். இப்பம் உள்ள பேஷன் இது. செத்தவங்க ரேகைய மிஷின் வச்சுப் பொன்னுல பதிச்சுக் குடுக்காங்க. ஒரு பக்கம் ரேகை, மறுபக்கம் திரவியம்னு பேரு. எனக்க வீட்டுக்காரர். போன வருஷம் போயிட்டாவ. பொன்னு எனக்க தாலிப்பொன்னு. பதினாறு அன்னைக்குக் கழத்துனது. உண்டியல்ல போட்டுட்டு நிம்மதியா இருப்போம்னு டப்பாவுல வச்சிருந்தேன். மகன் அபிலாஷ் எனக்குத் தெரியாம எடுத்துட்டுப் போய் இத அடிச்சு வாங்கியிருக்கான். இதயமாம். எனக்கு வெத்தல மாதிரித்தான் இருக்கு. அதுவும் பொருத்தந்தான், நாளுக்கு முப்பது வெத்தல போட்ட வாயில்லா.

ஆண்டுத் திவசத்தன்னைக்கு, பந்தி முடிஞ்சு எல்லாரும் கை கழுவிட்டு நிக்கச்சிலே, எனக்க கழுத்துல மாட்டி விட்டான். அம்மா, அப்பா இனி எப்பமும் உங்க நெஞ்சோட இருப்பாருன்னான். மருமவ ஸ்ரீப்ரியா போன்ல படம் புடிச்சா. நாத்தனா ஓடி வந்து லாக்கெட்டப் புடிச்சுக் கண்ணுல ஒத்தி, பெறவு முத்தம் குடுத்தா. அவ குடுத்தாளேன்னு அடுத்தவ. பாயசம் குடிச்ச வாயோட வரிசையா வாராளுவ. கோயில் வாசல்ல கெட்டுன பசு மாதிரி நா நிக்கேன். ராத்திரி சோப்புப் போட்டுக் கழுவுனேன், மூணு தடவ. கழுவுனா போகுமா? ஒரு மாசமா இங்க கெடந்து ஒரசுகு. சோறு உண்ணக் குனிஞ்சா எலையில வந்து தொடுகு.

என்ன, கோடா? பூதக்கண்ணாடியில நல்லாத் தெரியுதோ? இல்ல, மிஷின் தப்பு இல்ல. ரேகையிலேயே உள்ளதுதான் அது, பழைய வெட்டுக்காயம். மருமவளும் கேட்டா, மாமாக்கு விரல்ல காயம் உண்டாயிருந்தோன்னு. நாத்தனா உடனே, ஆமா மோளே, சின்னதுல அண்ணன் தேங்கா வெட்டும்போ பட்டதுன்னு சொல்லி ஒரே அழுக. நானும் பாத்திருக்கேன்னு அபிலாஷ் சொல்லுகான். தேங்காயோ. அவிய ஒரு வாழப்பழம் உரிச்சத நா கண்டதில்ல. உரிச்சுக் கையில குடுக்கணும்.

பத்தரே, கேக்கியள்னு சொல்லுகேன். முப்பத்திநாலு வருஷம். அடுப்புல குழம்பு கொதிச்சா அடுக்களைக்கு வருவாவ. கரண்டி இருக்கும், தட்டு இருக்கும். ஒண்ணும் எடுக்கப்பிடாது. அந்தப் பெருவிரல அப்பிடியே சட்டியில முக்குவாவ. சுண்ணாம்பு ஒட்டுன விரல். பேரேடு திருப்ப நக்கி நக்கித் தேஞ்ச விரல். முக்கி, வாயில வச்சு, உப்பு சரின்னா பேசாமப் போயிருவாவ. சரியில்லேன்னா எனக்க கன்னத்துல தேப்பாவ. இந்தா, இங்க. அடியெல்லாம் இல்ல. அடிச்சான்னு ஒருத்தர்ட்ட சொல்ல முடியுமா? கன்னத்துல குழம்பு தேச்சாருன்னு போய் அம்மாட்டச் சொன்னா, ஆசைடீன்னு சிரிச்சா.

தொடைக்கப்பிடாது, கேட்டேளா. அவிய உண்டு எந்திரிக்க வர தொடைக்கப்பிடாது. அப்பிடியே நின்னு வெளம்பணும். விருந்தாளு இருந்தாலும் அதுதான்.

அபிலாஷ் அறிவான், அறியாம என்ன? சின்னதுல கைகொட்டிச் சிரிப்பான். அம்மா மூஞ்சியில புளிக்கறின்னு. அவனுக்கு அது வெளையாட்டு. அப்பா ரொம்பத் தமாஷான ஆளாக்கும்னு இப்பமும் பெண்டாட்டிகிட்ட சொல்லிட்டிருக்கான். அவன்கிட்ட எத எடுத்துச் சொல்ல? எனக்கு உள்ள குழம்ப அவிய வாரதுக்கு முந்தியே ஒரு கிண்ணத்துல ஊத்தி அரிசிப்பானைக்குள்ள ஒளிச்சு வச்சுருவேன். தின்னா அது தின்பேன். இல்லேன்னா வெறும் சோறும் மோரும்.

அதனால தேச்சுருங்க. நெஞ்சுல போட்டுட்டு நடக்க என்னால முடியாது.

அய்ய, நில்லுங்க. அங்ஙன இல்ல. அரத்த எடுங்க முதல்ல. திருப்புங்க. பேரு உள்ள பக்கம். நா பேரத்தானே சொன்னேன்? சொல்லலியா? சரி, இப்பம் சொல்லுகேன். பேரு மட்டும் போனா மதி. ரேகையில ஒரு கீறல் விழப்பிடாது.

ஏன்னா? அது அவிய விரல் இல்லல்லா.

அவிய ஐசியுவுல கெடக்கச்சிலே ஒரு பேப்பர் கொண்டுவந்தாங்க. ஒரு பக்கம் விழுந்து, பேச்சும் போயிட்டு. ரோகியோட கைநாட்டு வேணுமாம், பக்கத்துல பைஸ்டாண்டர், அதாவது கூட நிக்க ஆளு, கையெழுத்து. நர்ஸ் பொண்ணு மைப்பெட்டிய மெத்தையில வச்சுட்டு, அம்மே, அந்த விரலப் புடிச்சு ஒண்ணு பதிச்சு வைங்கன்னுட்டு அடுத்த கட்டிலுக்குப் போனா. அபிலாஷ் மருந்து வாங்கப் போயிருக்கான். கை கெடக்கு, செத்த மீன் மாதிரி. நகத்துக்குள்ள அப்பமும் சுண்ணாம்பு வெள்ள. புடிக்கலாம்னு குனிஞ்சேன். என்னால தொட முடியல்ல பத்தரே. எனக்க விரல முக்கி வச்சுட்டுக் கீழ கையெழுத்துப் போட்டேன். ஒரு நிமிஷ வேலை. மறந்தும் போனேன்.

அந்தப் பேப்பரத்தான் மகன் ஃபைல்ல இருந்து தேடி எடுத்திருக்கான். அவிய சுழிச்சு சுழிச்சுக் கையெழுத்துப் போடுகவியல்லா, கைநாட்டுக்கு வேற எங்க போவான்.

இந்தா, கண்ணாடிய எனக்க விரலுக்கு நேர காட்டுங்க. பலாச்சக்க வெட்டுகப்பம் அருவா பட்டது, கல்யாணம் கழிஞ்ச வருஷம். கோடு ஒத்துக்கிடுதா? ம்.

கேட்டா, வேர்வையில தேஞ்சு போச்சுன்னு சொல்லிக்கிடுவேன். நாத்தனாவுக்கு முத்தம் குடுக்கணும்னா இனியும் குடுக்கட்டு.

நீங்க வேலையப் பாருங்க, நா இங்கதான் இருக்கேன். மெதுவாத் தேச்சா மதி, பஸ் பெறவும் வரும். 'தி' எழுத்து போயிட்டா? இன்னும் ஒரு இழுப்பு இழுங்க, மேல்சுழி தெரியுது. ஆ, இப்பம் சரி.

அந்தச் சாயா ஆறிட்டோ? சாரமில்ல, பரவால்ல, இங்க எடுங்க.