மானாப் புல் எரித்த ஞாயிறு

சறுக்குப் பலகைக்குத் தேங்காய் எண்ணெய் பூசக் கூடாது என்று ஒன்பது வருஷமாகச் சொல்லி வருகிறேன். எண்ணெய் தூசியைப் பிடிக்கும். தூசி பிடித்தால் அடித்தகரம் புல்லில் இழுக்கும். மெழுகுதிரியைத் தேய்த்து, பழைய சாரத் துணியால் பத்து நிமிஷம் துடைத்தால் போதும். அந்தப் பத்து நிமிஷத்துக்கும் எங்கள் கழகத்தில் ஆளுக்கொரு சாக்கு வைத்திருந்தார்கள். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், நான் எப்படிப்பட்டவன் என்று உங்களுக்கு விளங்க வேண்டும். செய்ய வேண்டியதை ஒழுங்காகச் செய்கிறவன், அவ்வளவுதான்.

போன கிழமை இந்தப் பொலிஸ் நிலையத்தில் இதே மேசைக்கு முன்னால் உட்கார்ந்து பத்மநாதன் என்று கையெழுத்துப் போட்டு ஒரு வாக்குமூலம் கொடுத்தேன். அதில் ஒரு பிழை இருக்கிறது. யாரும் என்னைக் கூட்டிவரவில்லை. அந்தப் பிழையைத் திருத்த நானாகவே பஸ் ஏறி வந்தேன்.

லெபனானில் பனிமலை ஹோட்டல் ஒன்றில் எட்டு வருஷம் வேலை செய்தவன் நான். வருகிறவர்களின் கால் அளவு பார்த்துச் சப்பாத்தும் சறுக்குப் பலகையும் மாட்டிவிடுவது என் வேலை. நாடு திரும்பிய பிறகு, பண்டாரவளையிலிருந்து வெலிமடைக்குப் போகும் வழியில் மொட்டைக் குன்று கண்ணில் பட்டது. நம்மிடம் பனி இல்லை. ஆனால் செப்டெம்பரில் காய்ந்து கிடக்கும் மானாப் புல்லை எரித்துவிட்டால், ஒக்டோபர் மழைக்குக் குட்டையாக, வழவழவென்று இளம்புல் வரும். அது முழங்காலுக்கு வளர்வதற்குள் ஆறு கிழமை, ஒன்றரை மாதம், கிடைக்கும். அந்த ஆறு கிழமைதான் எங்கள் பருவம். மரப்பலகை, அடியில் தகரம், மேலே பழைய சப்பாத்து. கேட்டவர்கள் சிரித்தார்கள். சறுக்கிப் பார்த்தவர்கள் அடுத்த ஞாயிறும் வந்தார்கள். அப்படியே பதினான்கு பேர் சேர்ந்து கழகமானது.

புல்லை எரிப்பது குற்றம் என்று எனக்குத் தெரியும். இந்தப் பக்கத்தில் எல்லோரும் எரிக்கிறார்கள் என்று சொல்லித் தப்பிக்கப் போவதில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

என் அப்பா தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுவார். கூப்பிடும்போது நிற்காதவருக்கு அன்றைக்குப் பெயர் கிடையாது, சம்பளமும் கிடையாது. பிறகு ஓடி வந்து மலையில் ஏறிக் கொழுந்து பறித்தாலும் பெயர் கிடையாது. ஊரில் அவரைக் கல்நெஞ்சன் என்றார்கள். ஆனால் அவர் காலத்தில் ஒரு வேலையும் அரைகுறையாக நின்றதில்லை. கழகத்துக்கும் அதே பெரட்டைத்தான் வைத்தேன். பருவத்துக்கு முந்திய இரண்டு மாதமும் ஞாயிறு காலை ஆறரை மணிக்குக் குன்றின் அடிவாரத்தில் நிற்க வேண்டும். மூன்று பெரட்டுக்கு வராதவர் பெயரைப் பட்டியலிலிருந்து வெட்டுவேன். எல்லோரும் கைதூக்கி ஏற்ற விதி அது.

ஏற்பதற்குக் கை தூக்கினார்கள், வருவதற்குத்தான் கால் எழவில்லை. ஒருவருக்கு மாமியாருக்குச் சுகமில்லை. ஒருவருக்கு வாடகை வான் ஓட்டும் வேலை. இருக்கிற மூன்று பேரை வைத்து உடற்பயிற்சியைத் தொடங்கினால், அதில் ஒருவர் பணிஸ் வாங்கப் போகிறேன் என்று போய்த் திரும்பி வரவில்லை. இப்படியே மூன்று கிழமை. எனக்கு ஐம்பத்திரண்டு வயது. தனியாக நின்று பதினான்கு பலகைக்கும் ஆணி பார்த்தேன். எரிச்சலாக இருந்தது, மறைக்கவில்லை.

தாஸிம் கெட்டவன் அல்ல. அதை நீங்கள் எழுதத்தான் வேண்டும். பண்டாரவளையில் போன் திருத்தும் கடை வைத்திருந்தான். முப்பத்திரண்டு வயது. எங்கள் எல்லோரையும்விட நன்றாகச் சறுக்குவான். பயிற்சி இல்லாமலே சறுக்குவான், அதுதான் என்னால் பொறுக்க முடியாதது. முழங்காலை மடக்கு என்றால் நிமிர்ந்து போவான். நேரே வராதே, வளைந்து வா என்றால் நேரே வந்து என் காலடியில் நிறுத்துவான். விழவும் மாட்டான். எல்லோரும் கைதட்டுவார்கள். ஒன்பது வருஷத்தில் நான் சொன்ன ஒன்றையும் அவன் சொன்னபடி செய்ததில்லை.

அவன் சறுக்குவதைப் போனில் பார்த்துவிட்டுக் கொழும்புக் கம்பனி ஒன்றின் ஆட்கள் பேசினார்கள். இந்தப் பருவம் தொடங்கும் நாளில் வருகிறோம், நல்ல பலகைகள் தருகிறோம் என்றார்கள். பேசியது அவனிடம். நாள் குறித்ததும் அவன். என்னிடம் பிறகு வந்து சொன்னான்.

"அண்ணே, ஒக்டோபர் இருபதுன்னு சொல்லிட்டேன். நீங்க பாத்துக்குவீங்க தானே?"

பார்த்துக்கொள்வேன். பார்த்துக்கொள்வதற்குத்தானே நான். அந்த நாளில் புல் தயாராக இருக்க வேண்டுமென்றால் செப்டெம்பர் முடிவதற்குள் எரித்தாக வேண்டும். அதற்கு முன் கல் பொறுக்கியாக வேண்டும், ஒரு கல் போதும் தகரத்தைக் கிழிக்க. அவனோ பெரட்டுக்கு வரவே இல்லை. முதல் ஞாயிறும் இல்லை, இரண்டாவதும் இல்லை.

ஆனால் கல் குறைந்துகொண்டே வந்தது. சரிவின் ஓரத்தில் குவியல் குவியலாகக் கிடந்தது. விசாரித்தால், தாஸிம் விடியற்காலை சுபஹ் தொழுதுவிட்டு நேரே குன்றுக்கு வந்து, ஒன்றரை மணித்தியாலம் தனியாகப் பொறுக்கிவிட்டு, நாங்கள் கூடுவதற்குள் மேல் பாதையால் போய்விடுகிறான் என்றார்கள். வாரத்தில் நாலைந்து நாள். நிசாந்தினி இதைப் பெருமையாகச் சொன்னாள். அவள் மருந்துக்கடையில் வேலை செய்கிற பிள்ளை, கழகத்தில் பெரட்டுக்குத் தவறாமல் வருகிற ஒரே ஆள்.

"பாவம் அண்ணன், ஒத்த ஆளா பாதிக் குன்ன முடிச்சிட்டாரு. நாம வந்து என்னத்த செய்றோம்?"

பெரட்டில் நிற்காதவன் செய்தது வேலையாகாது என்று அவளுக்கு எப்படிப் புரியவைப்பது? அவன் எங்களுக்காகப் பொறுக்கியதாக அவள் நினைத்தாள். எனக்கென்னவோ, நீ இல்லாமலும் இது நடக்கும் என்று ஒவ்வொரு குவியலாக எனக்குக் காட்டுவதாகவே பட்டது.

மூன்றாவது ஞாயிறும் அவன் நிற்கவில்லை. அடுத்து வந்த சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு அவன் பெயரைப் பட்டியலில் வெட்டினேன். வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் நீக்கினேன். ஐந்தேகாலுக்குக் குழுவில் செய்தி போட்டேன். எரிப்பதைச் செவ்வாயிலிருந்து நாளைக் காலைக்கு மாற்றியிருக்கிறேன், கச்சான் காற்று வலுப்பதற்குள் முடிக்க வேண்டும், ஏழு மணிக்குப் பிறகு யாரும் குன்றில் இருக்கக் கூடாது என்று. முதலில் நீக்கம், பிறகு செய்தி. அந்த வரிசை தற்செயலா என்று போன தடவை கேட்டீர்கள். விதிப்படி என்று சொன்னேன். விதிப்படிதான். ஆனால் தற்செயல் அல்ல.

ஞாயிறு நான் ஆறு மணிக்கே போய்விட்டேன். மேல் பாதையில், பைன் மரங்களுக்குக் கீழே தாஸிமின் மோட்டார் சைக்கிள் நின்றது. ஹெல்மெட் கண்ணாடியில் மாட்டியிருந்தது. செவ்வாய்க்குள் கல்லை முடிக்க அன்று கூடுதல் நேரம் நின்றிருக்கிறான்; புல்லுக்குள் குனிந்திருந்தவன் கீழே தெரியவில்லை. இறங்கி அடிவாரத்துக்கு வந்தேன். ஆறரைக்கு ஒன்பது பேர் கூடினார்கள். இந்த வருஷத்திலேயே அதிகம். நெருப்பு வைப்பதென்றால் வந்துவிடுகிறார்கள். பெயர் கூப்பிட்டேன். ஒன்பது பெயருக்கும் சத்தம் வந்தது.

பந்தத்தைக் கொளுத்தும்போது நிசாந்தினி பக்கத்தில் வந்தாள்.

"அண்ணன், தாஸிம் அண்ணன் மேல இல்லியே?"

"பட்டியல்ல இல்லம்மா" என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். நான் பொய் சொல்லவில்லை. நீங்கள் பட்டியலைப் பார்த்தீர்கள்.

மேல் பாதையால் மோட்டார் சைக்கிள் போகும் சத்தம் இன்னும் கேட்கவில்லை. ஏழு பத்துக்கு வைத்தோம். மானாப் புல் பற்றினால் சடசடவென்று போகும், அதைச் சொல்லத் தேவையில்லை. காற்று நான் நினைத்ததைவிட முன்பே எழும்பிவிட்டது. மேற்கிலிருந்து அடித்து நெருப்பைக் கிழக்கு ஓடைப் பக்கம் தள்ளியது. ஓடையில் ஆள் உயரப் புல். அரை மணித்தியாலத்தில் குன்று கறுத்துவிட்டது. சாம்பல் மெல்லியதாக, எல்லா இடமும் ஒரே சீராக, பருவத்துக்கு அதைவிட நல்ல தரை அமைந்ததில்லை. பதினொரு மணிக்கு ஓடைக்குள் தாஸிமைக் கண்டெடுத்தார்கள். அவன் கழகத்தின் மஞ்சள் சட்டை போட்டிருந்தான் என்று காலரைப் பார்த்துத்தான் தெரிந்தது.

ஜனாஸா அடக்கத்துக்குப் போனேன். எல்லோரும் என் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார்கள். நான் அழுதேன், அது நடிப்பல்ல. பிறகு அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி றுஸைனா கதவுக்கு அந்தப் பக்கம் இருந்து பேசினாள்.

"உங்க மேல ஒரு பழியும் இல்ல அண்ணன். நீங்க ஆயிரம் தடவ சொல்லியிருப்பீங்க. அவருதான் யாரு சொல்றதயும் கேக்க மாட்டாரே. அந்தக் கொணம்தான் அவர கொண்டுபோய்ட்டு."

மற்றவர்களும் அதையே சொல்கிறார்கள். கடைத்தெருவில் சொல்கிறார்கள், பஸ்ஸில் சொல்கிறார்கள். சொல்பேச்சுக் கேளாதவன், தானாகப் போய் நெருப்பில் விழுந்தான் என்று. எட்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அது உண்மையல்ல. அதுதான் நான் திருத்த வந்த பிழை.

அன்றைக்கு ஏழு இருபதுக்கு, மற்றவர்கள் நெருப்பு ரோட்டைத் தாண்டாமல் பார்க்கப் போயிருந்தபோது, என் போன் அடித்தது. அவன்தான். எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. மூன்றாவது தடவை எடுத்தேன். இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை என்று உங்களிடம் சொன்னேன். நன்றாகவே கேட்டது.

"அண்ணே, நான் நடுச் சரிவுல நிக்கிறேன். சுத்திப் பொக, ஒண்ணும் தெரியுதில்ல. நீங்க கீழதானே? எந்தப் பக்கத்தால எறங்குற?"

கீழே நிற்கிறவனுக்குக் குன்று முழுவதும் தெரியும். மேற்கே நாங்கள் ஏறுகிற பாதை வெறும் கல், அங்கே எரிய ஒன்றுமில்லை. அவன் நின்ற இடத்திலிருந்து நாற்பது காலடி இருக்கும். கிழக்கே ஓடை. ஓடையில் தண்ணீர் இருக்கும் என்று நினைத்தேன் என்று ஒரு காரணம்கூட யோசித்து வைத்திருந்தேன். செப்டெம்பரில் அந்த ஓடையில் தண்ணீர் இருந்ததே இல்லை.

"ஓடப் பக்கமா எறங்கு" என்றேன்.

"சரி அண்ணே" என்றான். மேற்குப் பக்கம் கிட்ட இல்லையா என்று கேட்கவில்லை. ஏன் என்று கேட்கவில்லை. முழங்காலை மடக்கிக் குனிந்து போ, புகை குறைவாக இருக்கும் என்றேன். அப்படியே போனான். மஞ்சள் சட்டை குனிந்தபடி ஓடைக்குள் இறங்குவதை நான் பார்த்தேன்.

ஆகவே அவன் சொல்பேச்சுக் கேளாதவன் என்று இனி யாரும் பேசக் கூடாது. றுஸைனாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். அவன் கேட்டான். நான் சொன்னதை, சொன்னபடியே, முதல் தடவையாக அவ்வளவு ஒழுங்காகச் செய்தான்.