சுவிட்சுப் பலகைக்கு வைத்த சந்தனம்

கொட்டாஞ்சேனையில் ஆயுத பூசைக்கு நல்ல வாழைக்குலை வேண்டுமென்றால் விடியும்போதே சந்தைக்குப் போய்விட வேண்டும். நான் போனேன், பேரம் பேசித்தான் வாங்கினேன். அன்றைக்கு என் மனம் குழம்பியிருந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா.

சுப்புராமன் முதலாளியின் எண்ணெய் ஆலைக்கு மின்சாரம் வந்த நாளிலிருந்து சுவிட்சுப் பலகை என் பொறுப்பு. பூசையன்று யந்திரங்களை நிறுத்திக் கழுவி, பொட்டு வைத்து மாலை போடுவோம். மறுநாள் விஜயதசமி காலையில், எல்லோரும் பார்த்திருக்க, நான்தான் முதல் சுவிட்சைப் போடுவேன். அது எனக்குச் சாமி தூக்குகிற மாதிரி.

இந்த வருஷம் முதலாளி ஸமீமைப் போடச் சொன்னார். ஸமீம் தெஹிவளையிலிருந்து வருகிறவன், புதிதாகச் சேர்ந்த மின்சாரக்காரன். கெட்டிக்காரன், அதை நான் மறுக்கவில்லை. திறந்து கிடந்த பலகைக்கு மூடி போட வேண்டும் என்று சொன்னவனும் அவன்தான். இத்தனை காலம் உனக்கு அது தோன்றவில்லையா என்று ஆட்கள் முன்னால் முதலாளி என்னைக் கேட்டார். வயிறெரிந்தது. அவ்வளவுதான்.

ஆர்க் என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். இரண்டு செம்பு முனைகளுக்கு நடுவே உலர்ந்த காற்று இருக்கும்வரை மின்சாரம் தாண்டாது. ஈரத்தில் வழி கிடைத்தால் மெல்ல ஊரும். ஈரம் கொதித்து ஆவியாகும். பிறகு அந்த ஆவியே கம்பியாகிவிடும், செம்பு உருகித் தெறிக்கும். கம்பியும் கம்பியும் முட்டிய நேர் ஷோர்ட் என்றால் பியூஸ் உடனே போய்விடும். ஆர்க்கை ஏதோ மோட்டார் ஓடுகிறது என்று நினைத்துப் பியூஸ் சும்மா இருந்துவிடும். பயந்து சுவிட்சைப் பின்னால் இழுத்தால் நெருப்பும் கூடவே நீண்டு வரும்.

மூடி இன்னும் வந்திருக்கவில்லை. சுவிட்சுக்குக் கீழே, முனைக்கு முனை பட்டையாகச் சந்தனம் பூசியது நான். காலையில் அதன்மேல் தண்ணீர் தெளித்ததும் நான். தண்ணீரில் கொஞ்சம் உப்புப் போட்டிருந்தேன்.

ஸமீம் கிட்ட வந்து பார்த்தான்.

“அண்ணே, ஈரமா இருக்கே. தொடைக்கட்டா? உங்கட சாமிச் சாமான், கேக்காம கை வைக்க ஏலாது.”

“சாமிக்கு வச்சதைத் துடைக்கக் கூடாது, தம்பி,” என்றேன்.

சரியென்று தலையசைத்தான். எங்கள் பூசை மேல் அவனுக்கு அத்தனை மரியாதை. சுவிட்சைப் போட்டான். சீறல் கேட்டது. எல்லோரும் செய்வதைப்போலப் பின்னால் இழுத்தான். வெள்ளையாக ஒரு வெளிச்சம் அவன் முகத்துக்கு வந்தது.

ஆஸ்பத்திரியில் பின்னேரம்வரை உயிர் இருந்தது. அவன் பெண்சாதி ஹப்ஸா, அவருக்கு நோவு இருந்ததா என்று என்னிடம் கேட்டாள். இல்லை என்றேன். பாவம், அழக்கூட இல்லை.

நான் அவனுக்குப் பொய் சொல்லவில்லை, ஐயா. சாமிக்கு வைத்ததைத் துடைக்கக் கூடாதுதான். முந்தின வருஷங்களிலெல்லாம் காய்ந்த துணியால் அழுத்தித் துடைத்துவிட்டுத்தான் நான் சுவிட்சில் கை வைத்தேன். அந்தப் பாவம் ஒன்றுதான் எனக்கு உறுத்துகிறது.