சகலை வண்டிக்கு ஊற்றிய ஆயில்

எஞ்சின் ஆயில் வாங்கும்போது மட்டும் கஞ்சத்தனம் கூடாது என்று பட்டறைக்கு வருகிற எல்லோரிடமும் சொல்வேன். சீட் உறையில் மிச்சம் பிடிக்கலாம், பாட்டு கேட்கிற பெட்டியில் மிச்சம் பிடிக்கலாம். ஆயிலில் மிச்சம் பிடித்தவன் பின்னால் எஞ்சினுக்காக அழுவான். இருபத்திரண்டு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். நீங்கள் மரியாதையாகக் கேட்டீர்கள், நானும் ஒழுங்காகவே சொல்கிறேன்.

என் சகலைக்கு, அதாவது என் மனைவியின் தங்கையைக் கட்டியவருக்கு, கார் என்றால் ஸ்டியரிங் எந்தப் பக்கம் என்பதைத் தவிர ஒன்றும் தெரியாது. அவர் டர்போ வண்டி வாங்கினார். வாங்கிய முதல் வாரம் மாமியார் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தோம். சாப்பாட்டுக்கு நடுவில் அவர் ஆயிலைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

"டர்போவுக்கு லேசான சிந்தெட்டிக் ஆயில்தான் அத்தை போடணும். கெட்டி ஆயில் போட்டா அவ்வளவுதான். வீடியோல பாத்தேன்."

கொல்லன் தெருவில் ஊசி விற்பது என்பார்களே, அதை நான் அன்றுதான் கண்ணால் பார்த்தேன். அவர் சொன்னது தப்பில்லை. டர்போ என்பது எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தள்ளுவது. அதற்குள் ஒரு சின்னச் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். அதைத் தாங்கிப் பிடிப்பது மெல்லிய ஆயில் படலம்தான். கெட்டி ஆயில் நேரத்துக்குப் போய்ச் சேராது. சூட்டில் கருகி, குழாயில் கரியாகப் படியும். இதையே நான் அந்த வீட்டில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அப்போதெல்லாம் மாமியார் குழம்பை நகர்த்தி வைப்பார். அன்று என் மனைவி கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அவர் பேசுவதைக் கேட்டாள். "எவ்வளவு விஷயம் தெரிஞ்சு வச்சிருக்காரு பாருங்க" என்று என்னிடமே சொன்னாள்.

எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைக்க மாட்டேன். அவருக்குச் சம்பளம் இருந்தது, முடி இருந்தது, சிரித்தால் எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள். எனக்கென்று இருந்தது ஆயில் ஒன்றுதான். அதிலும் வந்து கை வைத்தால் ஒரு மனிதன் என்ன செய்வான், சொல்லுங்கள்.

எங்காவது போவதென்றால் இரண்டு வண்டி எடுப்போம். மாமியாரும் மச்சினியும் அவர் வண்டியில் ஏறுவார்கள். "ஏசி நல்லா இருக்குங்க, நான் இதுல வரேன்" என்று என் மனைவியும் ஏறிக்கொள்வாள். "பையெல்லாம் பெரிய மாப்பிள்ளை எடுத்துட்டு வந்துருவாரு" என்பார் மாமியார். நான் பைகளோடு பின்னால் போவேன். முன்னால் மூன்று பெண்களின் தலையும் அவர் பேச்சுக்குத் தகுந்தபடி ஆடுவது கண்ணாடி வழியாகத் தெரியும்.

முதல் தடவை ஆயில் மாற்ற வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவந்தபோது ஆயில் டப்பாவையும் அவரே வாங்கி வந்தார். "அண்ணே, உங்க கை பட்டாப் போதும்" என்றார். அப்படிச் சொல்லத் தெரிந்தவர்தான்.

அந்த டப்பாவை என் பழைய வண்டிக்கு ஊற்றிக்கொண்டேன். அவர் வண்டிக்குப் பழைய லாரிகளுக்குப் போடுகிற கெட்டி ஆயிலை ஊற்றினேன். ஆயிலை வடிகட்டுகிற பழைய ஃபில்டரைக் கழற்றித் துடைத்து மறுபடியும் அதையே மாட்டினேன். ஏழு மாதம் கழித்து வந்தார். அப்போதும் அதையேதான் செய்தேன்.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. என்ன ஆயில் ஊற்றினோம் என்று அட்டையில் எழுதி டிரைவர் கதவின் ஓரத்தில் ஒட்டிவிடுவோம். இரண்டு தடவையும் உள்ளதை உள்ளபடியே எழுதினேன், என் கையெழுத்தோடு. தொழிலில் நான் பொய் எழுதியதில்லை. கதவைத் திறக்கும்போதெல்லாம் அது அவர் கண்ணெதிரேதான் இருந்தது. வீடியோ பார்க்கிறவர் அட்டையைப் படித்திருக்கலாம். அந்த அட்டையை வைத்துத்தான் நீங்கள் என்னைத் தேடி வந்தீர்கள். அதில் எனக்கு வருத்தமில்லை.

யாரும் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. டர்போ போனால் வண்டி இழுக்காது, வழியில் நிற்கும், எல்லோரும் இறங்கி என் வண்டிக்கு வருவார்கள். அவ்வளவுதான் என் கணக்கு. அதற்காக, எல்லோரும் மலைக்குக் கிளம்பிய அன்று காலையில் என் வண்டியின் பின் சீட்டைத் துடைத்து, பைகளையெல்லாம் டிக்கியில் அடுக்கியிருந்தேன்.

மலை ஏறத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அவர் வண்டியிலிருந்து நீலப் புகை வந்தது. நீலம் என்றால் டர்போ ஆயிலைக் குடிக்க ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அதற்கு மேல் ஓட்டக் கூடாது. எப்போது இழுவை விட்டுப்போகும் என்று சொல்ல முடியாது. ஓரமாக நிறுத்த அங்கே நல்ல இடமும் இருந்தது.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். அந்த நேரத்தில் என் மனைவி போன் செய்தாள்.

"என்னங்க, பின்னாடி புகையா வருது. ஓரங்கட்டணுமான்னு உங்ககிட்ட கேக்கச் சொல்றாரு."

அவள் குரலுக்குப் பின்னால் மச்சினி எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள். அவர் வண்டியின் பின் கண்ணாடி வழியாக அவர் தலை என் மனைவி பக்கம் திரும்பியது தெரிந்தது. அவள் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். மச்சினியும் மாமியாரும் பின்னால் இருக்க, இவள் முன்னால்.

"ஒண்ணுமில்ல. மேடு ஏறுறப்ப அப்படித்தான் வரும். நல்லா மிதிச்சுப் போகச் சொல்லு" என்றேன்.

"சரிங்க" என்றாள். அதை அவரிடம் சொல்வதும் கேட்டது.

அவர் நன்றாகவே மிதித்தார். முன்னால் போன சரக்கு லாரியை முந்த ஏறினார். பாதி தாண்டியபோது வண்டி இழுவை விட்டது. எதிரில் பஸ் வந்தது. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது நான்கு பேரில் ஒருவருக்கும் மூச்சு இல்லை.

ஆனால் ஒன்றை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில், அந்தக் குடும்பம் மொத்தமும் மறுபேச்சு இல்லாமல் நான் சொன்னதைக் கேட்டது அன்றைக்குத்தான்.