அழுக்கு மூட்டைக்குப் பின்னால் ஒரு சவுல்

நாத்தனார்: அண்ணி... கால் வெளிய தெரியுது. எழுந்து வாங்க.

அண்ணி: இங்க யாரும் இல்ல.

நாத்தனார்: ஓஹோ... அப்ப அழுக்கு மூட்டைதான் பேசுதா?

அண்ணி: கத்தாதடி! கதவைச் சாத்து.

நாத்தனார்: சாத்தினா மூச்சு முட்டும். ஹோட்டல்ல இருந்து வந்த ஈரத் துண்டு பூரா இங்கதான் குவிஞ்சு கிடக்கு. சவுலுக்காவது ஒளிய நல்ல இடமா கிடைச்சுது.

அண்ணி: சவுலை எதுக்கு இழுக்குற?

நாத்தனார்: ராஜாவாத் தேர்ந்தெடுத்த அன்னைக்கு அவரும் மூட்டை முடிச்சுக்குள்ளதானே ஒளிஞ்சுக்கிட்டாரு?

அண்ணி: அது அடுத்த வார வேதப்பாடம். இன்னைக்கு ஜனங்க ராஜா வேணும்னு கேட்டதோட நிறுத்திட்டேன்.

நாத்தனார்: நான் முன்னாடியே படிச்சுட்டேன். இப்ப நேர்லயும் பாத்துட்டேன்.

அண்ணி: சிரிக்காத. எனக்குத் தலைவி பதவி வேணாம்னு போய்ச் சொல்லு.

நாத்தனார்: யார்கிட்ட? முதலாளி வண்டி வாசல்ல வந்து நிக்குது. தலைவியா இருந்த நம்ம பெரியக்கா வேலையை விட்டுட்டு மக வீட்டோட போனதுல இருந்து மனுஷன் புலம்பிக்கிட்டே இருக்காரு. மத்த சலவைக்கூடத்துக்கெல்லாம் ஒரு தலைவி இருக்காளாம், இவருக்கு மட்டும் இல்லையாம்.

அண்ணி: பாத்தியா! மத்த தேசங்களைப் போல எங்களுக்கும் ஒரு ராஜா வேணும்னு அன்னைக்கு அந்த ஜனங்க கேட்ட அதே பேச்சு. தலைவி இல்லாம இங்க எந்தத் துணி வெளுக்காமப் போச்சு?

நாத்தனார்: எதுவும் போகல. ஆனா இன்னைக்கு நாமளா ஒரு பேரைச் சொல்லலன்னா தன் மச்சினனை உக்கார வெச்சுடுவாரு. பரவாயில்லையா?

அண்ணி: ஐயோ, அவனா!

நாத்தனார்: அவரேதான். ஒரே ஒரு நாள் பாத்துக்கச் சொன்னதுக்கு, வெள்ளை விரிப்போட சிவப்புத் துண்டைப் போட்டாரே... ஹோட்டல் மொத்தமும் ரோஸ் கலர்ல தூங்குச்சே...

அண்ணி: அதைக் கூட மன்னிக்கலாம். சாப்பாட்டு நேரத்துல வேதப்பாடம் எதுக்குன்னு கேட்டானே!

நாத்தனார்: அவர் வந்தா முதல் வேலையா அதைத்தான் நிறுத்துவாரு. அப்புறம் நீங்க இந்த மூட்டைகளுக்குத்தான் பாடம் எடுக்கணும்.

அண்ணி: அதுக்காக? மனுஷ ராஜா எதுக்குன்னு தொண்டை கிழியக் கேட்டது நான். உங்க பசங்களைத் தேருக்கு முன்னால ஓட விடுவான், பொண்ணுங்களை அப்பம் சுட வெப்பான், கழுதையைக் கூட விட மாட்டான்னு பயமுறுத்தினது நான். அதே வாயால ‘நான்தான் தலைவி’ன்னு எப்படிடி சொல்லுவேன்?

நாத்தனார்: என் பொண்ணை அப்பம் சுடக் கூப்பிடுவீங்களா?

அண்ணி: அவ சுடுற அப்பத்தை எந்த ராஜா தின்பான்?

நாத்தனார்: அப்ப அந்தக் கவலை இல்ல. கழுதையும் எங்ககிட்ட இல்ல. எங்க அண்ணன்தான் இருந்தாரு. அவரை நீங்க ஓட்டிக்கிட்டுப் போயி ரொம்ப காலமாச்சு.

அண்ணி: ஏய்! அவர் காதுல விழுந்தா...

நாத்தனார்: விழாது. நீங்க பேசிப் பேசிக் காதே மந்தமாயிடுச்சு.

அண்ணி: விளையாடாத. நினைச்சுப் பாரு... கூடவே வந்து, பசிச்சப்போ சோறு போட்டு, கடலைப் பிளந்து வழி விட்ட ஆண்டவரை ஒதுக்கிட்டு, ‘எங்களுக்குக் கண்ணுக்குத் தெரியுற ஒருத்தன் வேணும்’னு கேட்டா அவருக்கு எப்படி இருந்திருக்கும்? ‘உன்னைத் தள்ளல சாமுவேல், என்னைத்தான் தள்ளுறாங்க’ன்னு தன் தீர்க்கதரிசிகிட்ட சொன்னாரே... அந்த இடத்தை மட்டும் ரெண்டு தடவை வாசிச்சேன்.

நாத்தனார்: கவனிச்சேன் அண்ணி. இஸ்திரிக்காரக்கா முந்தானையால கண்ணைத் தொடச்சாங்க.

அண்ணி: அப்புறம் எப்படி...

நாத்தனார்: ஆனாலும் ஆண்டவர் என்ன சொன்னாரு? கேக்குறதைக் கொடுன்னுதானே?

அண்ணி: எச்சரிச்சுட்டுக் கொடுன்னு சொன்னாரு.

நாத்தனார்: எச்சரிச்சாச்சு. நீங்களே எச்சரிச்சீங்க. கிளம்புங்க.

அண்ணி: இருடி... ஒண்ணு கேக்கணும்.

நாத்தனார்: சீக்கிரம்.

அண்ணி: ஓட்டெடுப்பை நம்ம வழக்கப்படிதானே நடத்தின?

நாத்தனார்: பின்ன? ஜெபம் முடிஞ்சும் யாரும் கண்ணைத் திறக்கல. உங்க பேரைச் சொன்னேன், சம்மதம்னா கை தூக்குங்கன்னேன். ஜெபம் பண்ணினவ மட்டும் கண்ணைத் திறந்து எண்ணணும். எண்ணினேன்.

அண்ணி: யார் யார் கைன்னு...

நாத்தனார்: அதை வெளிய சொல்லக் கூடாது. மனஸ்தாபம் வரும்னுதானே கண்ணையே மூடுறோம்?

அண்ணி: ஆனா... எல்லாருமேவா தூக்கினாங்க?

நாத்தனார்: ...அண்ணி, தலையில காலுறை ஒட்டிக்கிட்டிருக்கு. இருங்க, எடுக்குறேன்.

அண்ணி: சொல்லுடி.

நாத்தனார்: கூடம் நிறைஞ்சிருந்துச்சுன்னு வெச்சுக்கோங்களேன். நடங்க, முதலாளி உள்ள வந்துட்டாரு.

முதலாளி: என்னம்மா, முடிவாச்சா? இல்ல, மச்சினனைக் கூப்பிடவா? வெளிய சும்மாதான் நிக்குறான்.

நாத்தனார்: ஆச்சுங்க ஐயா. அண்ணி... சொல்லுங்க.

அண்ணி: நான்... நான்தாங்க ஐயா.

முதலாளி: நீயா? நல்லதாப் போச்சு. எல்லாருக்கும் சம்மதமா?

அண்ணி: அப்படித்தான் சொல்றாங்க. ஆனா ஒரு பேச்சுங்க. சாப்பாட்டு நேரப் பாடம் நிக்காது. அந்தக் கொதிகலன் பக்கத்து ஜன்னலையும் இன்னைக்கே திறந்து விடணும். வேகுது.

முதலாளி: அட, வந்ததும் வராததுமா உத்தரவா! சரி, திறங்க. மச்சினனை வீட்டுக்குப் போகச் சொல்றேன்.

நாத்தனார்: பாத்தீங்களா, கிரீடம் எப்படிப் பொருந்துது!

அண்ணி: மெல்லப் பேசு. இங்க வா... பக்கத்துல வா. உன்கிட்ட மறைச்சு என்ன ஆகப்போகுது? நான் ஒளிஞ்சது பயத்துல இல்லடி. வெக்கத்துல. அவ்வளவு பேசிட்டு... கண்ணை மூடினதும் அந்த ஜன்னல் ஞாபகம் வந்துச்சு. நாமளே தலைவியா இருந்தா திறந்து விடலாமேன்னு ஒரு ஆசை. என் பேருக்கு நானே கை தூக்கிட்டேன். அத்தனை கையோட என் கையும் ஒண்ணு... தப்பா?

நாத்தனார்: தப்பே இல்ல அண்ணி. நீங்க எடுத்த பாடம் அவ்வளவு அருமை... கேட்ட அத்தனை பேருக்கும் ராஜாவே வேணாம்னு ஆயிடுச்சு. தூக்கியிருந்தது உங்க கை ஒண்ணுதான்.