மேலிருந்து செருகவும்

மும்பையில் வாடகை வீட்டுச் சுவரில் ஆணி அடிக்க யாரும் விடமாட்டார்கள். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும். காலி செய்கிற நாளில் வீட்டுக்காரர் வந்து சுவரைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் சாவியை வாங்குவார். அதனால் சுவரைத் தொடாமல் தானாக நிற்கிற ஒரு தட்டு அலமாரி, ஒரு ராக், செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றியதில் வியப்பில்லை.

என் பெயர் கேஷவ். மாட்டுங்காவில் பிறந்து அங்கேயே ஐம்பத்தொரு வயதைத் தொட்டவன். செம்பூரில் ஒரு சின்ன பர்னிச்சர் கம்பெனியில் டிசைனராக இருக்கிறேன். நீங்கள் உல்லாஸ்நகர் விஷயமாக விசாரிக்க வந்திருக்கிறீர்கள் என்று தெரியும். அங்கே எங்கள் ராக் விழுந்து ஒருவர் கால் ஒடிந்து கிடக்கிறார். அவர் வீட்டில் ராக்கைச் சரியாகத்தான் மாட்டியிருக்கிறார்கள். அப்படியானால் போன நவம்பரில் கோவண்டியில் விழுந்த ராக் மட்டும் ஏன் தப்பாக மாட்டியிருந்தது என்று கேட்கிறீர்கள். நல்ல கேள்வி. இத்தனை மாதம் யாரும் அதைக் கேட்கவில்லை. வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

ராக்கில் ஐந்து தட்டுகள், இரண்டு பக்கப் பலகைகள். ஒவ்வொரு தட்டின் நுனியிலும் ஒரு நாக்கு இருக்கும். அது பக்கப் பலகையின் துவாரத்தில் புகுந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த நாக்கில் ஒரு சிறு துளை. அதில் மேலிருந்து ஒரு மர ஆப்பைச் செருகினால் எல்லாம் இறுகிவிடும். பக்கத்துக்கு ஐந்தாகப் பத்து ஆப்புகள். ஸ்க்ரூ இல்லை, பசை இல்லை, சுத்தியல் இல்லை. ஒருவர் தனியாகப் பத்து நிமிடத்தில் நிறுத்திவிடலாம்.

முதல் மாதிரியை என் மனைவி பாகீரதியிடம் கொடுத்துப் பார்த்தேன். ஆப்பைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தாள். பாதிக்கு மேல் இறங்கவில்லை.

"கை வலிக்கறது. சப்பாத்திக் கட்டையால ஒரு தட்டு தட்டட்டுமா?" என்றாள்.

தட்டினாள். இறங்கிவிட்டது. அதன் பிறகு இரண்டு பேர் சேர்ந்து உலுக்கியும் அந்த ராக் அசையவில்லை.

மறுநாள் முதலாளி நகுலிடம் இதைச் சொன்னேன். முப்பத்திரண்டு வயது, செம்பூரிலேயே வளர்ந்தவன். தமிழ் பேசுவான், படிக்கத் தெரியாது.

"சப்பாத்திக் கட்டையும் டூல்தான் சார்," என்றான். "டப்பா மேல என்ன போட்டிருக்கோம்? டூல்ஸ் வேண்டாம், கை மட்டும் போதும்னு."

அவன் என்னை வற்புறுத்தவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆப்பின் கனத்தில் அரை மில்லிமீட்டர் குறைத்தது நான்தான்.

ஆப்புகளை அறுத்துக் கொடுப்பவர் தாராவியில் பட்டறை வைத்திருக்கும் ஜெயினுலாப்தீன் பாய். கடையநல்லூர்ப் பக்கத்துக்காரர். பன்னிரண்டு வருடமாக என் வேலையெல்லாம் அவரிடம்தான். அது ஜூலை மாதம். பட்டறைக் கூரையில் மழை நின்றபாடில்லை. புது அளவில் அறுத்த ஆப்பைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார்.

"சார், இது ஈரம் குடிச்ச மரம். இப்ப உப்பியிருக்கு, அதனால நிக்குது. மழை விட்டு வெயில் அடிச்சா சுருங்கிரும். தானா கழண்டு விழும், சொல்லுதேன்."

"கணக்குப் போட்டுப் பார்த்துட்டேன் பாய். ஒண்ணும் ஆகாது."

"நீங்க பாத்துட்டீங்கன்னா சரி சார்."

நான் கணக்கு எதுவும் போடவில்லை. போட வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. மரம் எப்படிச் சுருங்கும் என்பதைக் கல்லூரியிலேயே படித்தவன். அவர் சொன்னது சரி என்று அந்த நிமிடமே தெரியும். ஆனால் நாங்கள் பரிசோதனை செய்தது ஜூலையில். ஜூலையில் ராக் நன்றாகத்தான் நின்றது. பரிசோதனைத் தாளில் நான் எழுதிய ஒரு வரிகூடப் பொய் இல்லை.

முதல் லாட்டிலிருந்து ஒரு ராக்கை பாய் தன் மகள் சாதியாவுக்கு எடுத்துப் போனார். கோவண்டியில் ஒற்றை அறை வீடு. அவள் கணவன் ஜீஷான் டெம்போ ஓட்டுகிறான். ரிஃபா என்று மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. சாதியாதான் தனியாக மாட்டினாள். ரிஃபா ஒவ்வோர் ஆப்பாக எடுத்துக் கொடுத்தாளாம். ஆகஸ்டில் ஒருநாள் பாயோடு அங்கே டீ குடிக்கப் போயிருந்தேன். பத்து ஆப்பும் மேலிருந்துதான் செருகியிருந்தன. விளக்கத் தாளில் நான் வரைந்த படத்தைவிட நேர்த்தியாக இருந்தது. அவளைப் பாராட்டினேன். அவளுக்கு அது ஞாபகம் இருந்திருக்கலாம். பின்னால் அவள் என்னிடம் அதைக் கேட்கவே இல்லை.

நவம்பர் இருபத்து மூன்று, மதியம் இரண்டரை மணி. பாய் போன் செய்தார்.

"சார், ராக்கு விழுந்துட்டு. பிள்ளையத் தூக்கிட்டு நானும் மருமவனும் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டிருக்கோம். நீங்க கொஞ்சம் வீட்டுக்குப் போங்க. போலீஸ் வந்தா எங்களுக்குப் பேசத் தெரியாது."

அவர்தான் என்னை அங்கே அனுப்பினார். ஆட்டோவில் பதினைந்து நிமிடம்.

வாசலில் பெண்கள் கூட்டமாக நின்றார்கள். என்னைப் பார்த்ததும் வழி விட்டார்கள். உள்ளே யாரும் இல்லை. ராக் பக்கவாட்டில் மடிந்து, தட்டுகளில் இருந்த பாத்திரங்களோடும் மிக்ஸியோடும் சாய்ந்து கிடந்தது. மேல்தட்டின் இரண்டு ஆப்புகள் தரையில் இருந்தன. குழந்தை ராக்கின்மேல் ஏறியிருக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து டம்ளர்களை அடுக்கி விளையாடிக்கொண்டிருந்திருக்கிறாள். மூன்று டம்ளர்கள் அப்போதும் ஒன்றன்மேல் ஒன்றாக நின்றன. ஏறியிருந்தால் காரணம் சொல்ல எனக்கு அதுவே போதுமாக இருந்திருக்கும். வேறு எதையும் செய்திருக்கமாட்டேன்.

மீதி எட்டு ஆப்புகளும் அதனதன் துளையில் இருந்தன. ஒன்றைத் தொட்டேன். இரண்டு விரலுக்கே வந்துவிட்டது. உள்ளங்கையில் வைத்தால் கனமே தெரியவில்லை, அவ்வளவு காய்ந்திருந்தது.

கீழிருந்து செருகிய ஆப்பு நிற்காது, தன் கனத்திலேயே நழுவிவிடும். விளக்கத் தாளில் அப்படிச் செருகுவதைக் காட்டும் படத்தின் குறுக்கே சிவப்புக் கோடு போட்டிருப்பேன், பார்த்திருப்பீர்கள். எட்டையும் உருவினேன். எட்டையும் கீழ்ப்பக்கத்திலிருந்து செருகினேன். ராக் சாய்ந்து கிடந்ததால் அவை அப்படியே நின்றன. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. எந்தக் கருவியும் தேவைப்படவில்லை.

அப்போது ரிஃபா உயிரோடு இருக்கிறாளா என்று எனக்குத் தெரியாது. பாய்க்கு போன் செய்து கேட்டிருக்கலாம். போன் சட்டைப் பையில்தான் இருந்தது.

எழுந்து திரும்பியபோது வாசலில் சாதியா நின்றாள். மயங்கி விழுந்தவளைப் பக்கத்து வீட்டில் உட்கார வைத்திருந்தார்கள் போலிருக்கிறது. குழந்தைக்கு மாற்றுச் சட்டை எடுக்க வந்ததாகச் சொன்னாள். நான் செய்ததை அவள் பார்க்கவில்லை.

"சாதியா, இந்த ஆப்பெல்லாம் எப்படிம்மா செருகினே?"

"மேல இருந்துதான் அங்கிள். படத்துல இருந்த மாதிரி."

"நன்னா ஞாபகம் இருக்கா?"

அவள் மண்டியிட்டு உட்கார்ந்தாள். ஒவ்வோர் ஆப்பையும் விரலால் தொட்டுக்கொண்டே போனாள். எட்டாவதில் விரல் நின்றுவிட்டது.

"மேல இருந்துதான்," என்றாள் மறுபடியும். இந்த முறை அது என்னிடம் கேட்பதுபோல இருந்தது.

நான் எதுவும் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். சொல்லாமல் இருந்ததால் அதைப் பொய் என்று நான் எண்ணவில்லை.

போலீஸ் வந்து படம் எடுத்தார்கள். மராத்தியில் நான்தான் விளக்கினேன். நாலு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து ரிஃபா இறந்துவிட்டாள் என்று செய்தி வந்தது. சாதியா கையில் அந்தச் சின்னச் சட்டையை மடித்து வைத்துக்கொண்டே, "நான்தான் தப்பா மாட்டிட்டேன்," என்று அவர்களிடம் தானாகச் சொன்னாள். யாரும் அவளைக் கேட்டிருக்கவில்லை. கம்பெனி அறிக்கையிலும் 'தவறாகப் பொருத்தியதால் விபத்து' என்று ஒரு வரியில் முடிந்தது. ராக் தொடர்ந்து விற்றது. அப்படித்தான் ஒன்று உல்லாஸ்நகருக்கும் போனது.

ஒரு வாரம் கழித்து பாய் ஆபீசுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"எம் மவளுக்கு ஆப்பு தெரியும் சார். அவ நடக்கப் பழகினதே பட்டறையிலதான். தலைகீழா செருக மாட்டா."

அன்று நான் போனில் எடுத்திருந்த ராக்கின் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இரண்டு விரலால் பெரிதாக்கி, வெகுநேரம் பார்த்தார்.

"அப்பச் சரி," என்றார்.

அன்றிலிருந்து அவர் மகள் வீட்டுக்குப் போகவில்லை. அவர் மனைவி ஹபீபா மட்டும் தனியாக ரயிலேறிப் போய் வருகிறார். நானும் சனிக்கிழமைதோறும் கோவண்டிக்குப் போகிறேன். யாராவது போக வேண்டும் அல்லவா.

எங்கள் வீட்டிலும் அதே ராக் ஒன்று இருக்கிறது. டிசம்பரில் ஒருநாள் காலை நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது ஓர் ஆப்பு கழன்று தரையில் 'டக்' என்று விழுந்தது. பாகீரதி அதை எடுத்துச் செருகிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அந்த ராக்கை அன்றே பிரித்துப் பரணில் போட்டேன். ஆனாலும் அந்தச் சத்தம் கேட்கிறது. லோக்கல் ரயிலில், அத்தனை இரைச்சலுக்கு நடுவிலும், என் காலடியில் கேட்கும். குனிந்து பார்ப்பேன். பக்கத்தில் இருப்பவர் என்ன விழுந்தது என்று கேட்பார். ஒன்றுமில்லை என்பேன்.

சாதியாவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்கள். அவள் எதையும் தானாக மூடுவதில்லை, பூட்டுவதில்லை. குக்கர் மூடியை ஜீஷான்தான் போட வேண்டும். கேஸை அணைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டுக் காட்டுகிறாள். ஜனவரியில் என்னிடம் ஓர் உதவி கேட்டாள். ராக்கின் ஒரே ஒரு மூட்டும் ஓர் ஆப்பும் கொண்டுவந்து கொடுக்க முடியுமா என்றாள். கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் போய் உட்கார்ந்ததும் அதை எடுத்து வருவாள். என் எதிரில் தரையில் உட்கார்ந்து, ஆப்பை மேலிருந்து மெதுவாகச் செருகுவாள்.

"இப்பச் சரியா அங்கிள்?"

"சரியா இருக்கும்மா."

உருவிவிட்டு மறுபடியும் செருகுவாள். மறுபடியும் கேட்பாள். இருபது முறை, முப்பது முறை. நான் ஒருமுறைகூட அலுத்துக்கொண்டதில்லை. தப்பு யாருக்கும் வரும், நீ வேண்டுமென்று செய்யவில்லையே என்று சொல்வேன். முன்பெல்லாம் அதைக் கேட்டதும் எழுந்து போய்விடுவாள். போன வாரம் முதல்முறையாகத் தலையசைத்தாள்.

சொல்ல வேண்டியது இவ்வளவுதான். அரை மில்லிமீட்டரைக் குறைத்தது நான். எட்டு ஆப்புகளையும் திருப்பியது நான். எங்கே கையெழுத்துப் போடச் சொல்கிறீர்களோ, போடுகிறேன். பாயிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், அவர் தாங்குவார். சாதியாவிடம் மட்டும் வேண்டாம். தன்னைத் தானே மன்னிக்க அவள் இப்போதுதான் பழகுகிறாள். இத்தனை மாதமாகப் பக்கத்தில் உட்கார்ந்து, பொறுமையாக, நான்தான் பழக்கிக்கொண்டிருக்கிறேன். அதைக் கெடுத்துவிடாதீர்கள்.