கஞ்சா கேஸ் மாப்பிள்ளை

எங்கள் அப்பா செல்லமுத்து கஞ்சா புகைப்பவர். பொழுது சாய்ந்தால் கிணற்று மேட்டில் உட்கார்ந்து நாலு இழுப்பு இழுத்துவிட்டுத்தான் சாப்பிட வருவார். ஊரில் வழக்கு தீர்க்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். எங்கள் வீட்டில் சம்பந்தம் வைக்கவும் யாரும் யோசித்ததில்லை. எண்பத்தைந்தில் சட்டம் வந்த பிறகும் செந்துறைப் பக்கம் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, சார்.

இப்போது அப்படி இல்லை. பள்ளிக்கூடத்தில் போதை ஒழிப்பு உறுதிமொழி எடுத்தபோது, பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் என்ற முறையில் நான்தான் வாசித்தேன். கஞ்சா என்ற சொல் வந்ததும் தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்கள். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு வழி புலப்பட்டது.

என் மகள் சுவாதி, அறிவழகனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு அரியலூரில் வாடகைக்குக் குடியிருந்தாள். அவன் ஆலத்தியூரில் சிமென்ட் ஆலை எலக்ட்ரீஷியன். பீடிகூடத் தொடாதவன். அவன் தாத்தா எங்கள் வயலில் கூலிக்கு இருந்தவர். குறை அது ஒன்றுதான். அரிவாளைத் தூக்கிக்கொண்டு ஓடுவதெல்லாம் எனக்குப் பிடிக்காது. பெற்ற பெண்ணை விதவையாக்க எந்தத் தகப்பனுக்கு மனம் வரும்?

அதனால் ஒரு பலாப்பழம் வாங்கிக்கொண்டு போனேன். "வாங்க மாமா, இப்பவாச்சும் வந்தீங்களே" என்று பழத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனான். அந்த நேரத்தில் வாசலில் நின்ற அவன் பைக்கின் பெட்டியில் கஞ்சாப் பொட்டலங்களை வைத்தேன். சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினேன். அவனே பரிமாறினான். பஸ் ஏறுவதற்கு முன் போலீசுக்குப் போன் செய்தேன்.

மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் பிடித்தார்கள். அவன் படம் எல்லார் செல்போனிலும் வந்தது. வேலை போனது. வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னார். சுவாதி துணிமணிகளோடு என்னிடம் வந்தாள்.

"கட்டுனவன் கஷ்டத்துல இருக்கறப்ப விட்டுட்டு வரலாமாம்மா?" என்றேன்.

"எத்தனை நாளா கஞ்சா அடிச்சிட்டிருந்தாரோ. கூடவே இருந்தும் எனக்குத் தெரியாம போச்சேப்பா."

ஜாமீனில் வந்தவன் நேராக எங்கள் வாசலுக்கு வந்தான். "ஊரு நம்பாட்டி போவுது. நீ நம்பு சுவாதி" என்றான். கதவைச் சாத்தியது அவள்தான். நான் நாற்காலியை விட்டு எழவேயில்லை. மறுநாள் தண்டவாளத்தில் கிடந்தான். நான் அவன்மேல் ஒரு விரல்கூட வைக்கவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

பொட்டலம் கொடுத்தவன் வேறு வழக்கில் சிக்கி என் பெயரைச் சொல்லியிருக்காவிட்டால் நீங்கள் என்னைத் தேடி வந்திருக்கப் போவதில்லை. எழுதிக்கொள்ளுங்கள், வைத்தது நான்தான். சுவாதியிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள், சார். இப்போதுதான் அவள் அவனை வெறுக்கப் பழகியிருக்கிறாள். அந்த நிம்மதியையாவது அவளுக்கு விட்டுவையுங்கள்.